வன்னியில் வீடு கட்ட அனுமதி: காணிக்கு ஒன்று, கட்டடத்துக்கு வேறொன்று

"காணிக்குப் பெர்மிட் இருக்கு, சோலைவரியும் ஒழுங்காக் கட்டுறம், பிறகேன் சபையிலயிருந்து 'அனுமதியற்ற கட்டடம்' எண்டு கடிதம் வருது?" வவுனியா, கிளிநொச்சி, மன்னார் நகர்ப்பக்கங்களில் இந்தக் கேள்வி புதிதல்ல. ஆனால் இப்போது கூடுதலாகக் கேட்கிறது. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த உள்ளூராட்சி சபைகளைச் செயலாளர்களே நடத்தி வந்தார்கள். 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகுதான் சபைகள் மீண்டும் உறுப்பினர்களுடன் கூடின. உறுப்பினர் வந்ததும் முறைப்பாடும் வரும், சிபாரிசும் வரும். "மெம்பர் சொல்லிட்டார், நீங்க கட்டுங்கோ" என்ற வாய்வழி அனுமதியும் சேர்ந்தே வரும். அந்தக் கடைசி வகை அனுமதிக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

வன்னியில் ஒரு வீடு சட்டப்படி நிற்க மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். இந்தக் காணியில் இருக்க எனக்கு உரிமை உண்டா? இந்த இடத்தில் வீடு என்ற பாவனை அனுமதிக்கப்பட்டதா? நான் கட்டப்போகும் கட்டடம் விதிப்படி அமைந்ததா? முதற் கேள்விக்குப் பிரதேச செயலகமோ, உறுதியோ (தனியார் காணியின் உரிமைப் பத்திரம்) பதில் சொல்லும். இரண்டாவதற்கு நகரத் திட்டமும் பல திணைக்களங்களும் பதில் சொல்லும். மூன்றாவதற்குச் சபை பதில் சொல்லும். ஒன்றுக்குக் கிடைத்த கடதாசி மற்றொன்றுக்குச் செல்லாது. சோலைவரிப் பற்றுச்சீட்டு இந்த மூன்றில் எதற்குமே முழுப் பதில் அல்ல. ஒரு கட்டடம் அங்கே நிற்கிறது, அதற்கு வரி அறவிடப்பட்டது என்பதை மட்டுமே அது காட்டும்.

எந்தச் சட்டம் உங்கள் வாசலுக்கு வருகிறது?

மிகப் பழையது 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். உள்ளூராட்சி சபையின் எல்லைக்குள் கட்டடம் கட்டுவதானால் தலைவர் எழுத்தில் அங்கீகரித்த வரைபடப்படியே கட்ட வேண்டும் என்பது அதன் 5ஆம் பிரிவு. கட்டி முடிந்தாலும், சட்டப்படி கட்டப்பட்டது என்ற சான்றிதழ் கிடைக்கும்வரை காவலாளியைத் தவிர வேறெவரும் குடியிருக்கக் கூடாது என்பது 15ஆம் பிரிவு. நூறு வருடம் தாண்டிய சட்டம் என்றாலும் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

அடுத்தது 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். யூ.டீ.ஏ. என்று எல்லோரும் சொல்வது இந்த அதிகார சபையைத்தான். அமைச்சர் வர்த்தமானி மூலம் ஒரு பகுதியை 'நகர அபிவிருத்திப் பகுதி' என்று பிரகடனப்படுத்தினால், அங்கே இந்தச் சட்டம் நடைமுறைக்கு வரும். 1982இல் வந்த திருத்தம்தான் அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்த அபிவிருத்தி வேலையும் செய்யக் கூடாது என்ற விதியைச் சேர்த்தது. அளவுகளையும் தூரங்களையும் சொல்லும் ஒழுங்குவிதிகள் முதலில் 1986இல் வந்தன. 2021 ஜூலையில் வெளியான புதிய திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. பழைய வீடொன்றின் அங்கீகரிக்கப்பட்ட பிளானைப் பார்த்து அதே அளவில் புதிதாகக் கீறிக் கொடுப்பது இதனால்தான் சில வேளை திரும்பி வருகிறது.

பிரகடனப்படுத்தப்பட்ட பகுதியிலும் நீங்கள் யூ.டீ.ஏ. அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. சாதாரண வீடுகளுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் சபைகளுக்குக் கையளிக்கப்பட்டிருக்கிறது. எனவே வாசல் ஒன்றுதான். வவுனியா நகரம் என்றால் மாநகரசபை, மன்னார் நகரம் என்றால் நகரசபை, கிளிநொச்சி நகரம் என்றால் கரைச்சி பிரதேச சபை, முல்லைத்தீவு நகரம் என்றால் கரைதுறைப்பற்று பிரதேச சபை. ஆனால் அந்த வாசலுக்குள் எந்தச் சட்டத்தால் உங்கள் பிளானை அளக்கிறார்கள் என்பது பிரகடனத்தைப் பொறுத்தது. ஒரே சபையின் எல்லைக்குள் ஒரு கிராம அலுவலர் பிரிவு பிரகடனத்துக்குள் இருக்கும், பக்கத்துப் பிரிவு இருக்காது. வெளியே உள்ள பகுதியில் 1915ஆம் ஆண்டுச் சட்டமும் சபையின் துணைவிதிகளும்தான். அதனால் படம் கீறக் கொடுப்பதற்கு முன்பே சபைக்குப் போய், "எங்கட பிரிவு யூ.டீ.ஏ. எல்லைக்குள்ளயா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

'அபிவிருத்தி வேலை' என்றால் எது?

கட்டடம் கட்டுவது மட்டும்தான் அனுமதிக்குரியது என்று நினைக்கிறோம். சட்டத்தின் வரைவிலக்கணம் அதைவிட அகலமானது. காணியைத் துண்டாக்குவது, கட்டடம் எழுப்புவது அல்லது மீள எழுப்புவது, நிலத்தின் மேலோ கீழோ பொறியியல் வேலை செய்வது, காணியின் அல்லது கட்டடத்தின் பாவனையை மாற்றுவது எல்லாமே இதற்குள் வரும்.

இந்தக் கடைசிச் சொல்லில்தான் பலர் மாட்டுகிறார்கள். ஒரு செங்கல்லும் புதிதாக வைக்காமல், வீட்டின் முன்னறையைத் தொலைபேசி திருத்தும் கடையாக்கினாலும் அது பாவனை மாற்றம். பக்கத்து விறாந்தையில் அரைக்கும் ஆலை போட்டாலும் அப்படித்தான். ஆலைக்கு அதற்கு மேல் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதியும் கேட்பார்கள்.

விதிவிலக்கும் உண்டு. காணியை விவசாயத்துக்கோ தோட்டத்துக்கோ பயன்படுத்துவது அபிவிருத்தி வேலை அல்ல. வீட்டு வளவுக்குள் வீட்டாரின் வசதிக்காகச் செய்யும், புதிய கட்டட வரைபடம் தேவைப்படாத காரியங்களும் அல்ல. கத்தரித் தோட்டத்துக்கோ கோழிக்கூட்டுக்கோ யாரும் பிளான் கேட்கப்போவதில்லை. அந்தக் கூடு ஐந்நூறு கோழியோடு வியாபாரமாக வளர்ந்தால் கதை வேறு.

வலயம் என்ன செய்கிறது?

நகரத் திட்டம் நகரைப் பாவனைப்படி வலயங்களாகப் பிரிக்கிறது. வதிவிடம், வர்த்தகம், நிர்வாகம், கைத்தொழில், பாதுகாக்கப்பட்டது என்று பெயர்கள் திட்டத்துக்குத் திட்டம் மாறும். வதிவிட வலயம் என்றால் வீட்டைத் தவிர ஒன்றும் வரக் கூடாது என்று பொருளல்ல. சிறு பலசரக்குக் கடை, வைத்தியரின் தனியார் சிகிச்சை நிலையம், முன்பள்ளி போன்றவை நிபந்தனையோடு அனுமதிக்கப்படலாம். மரஆலை, வெல்டிங் பட்டறை, பெரிய களஞ்சியம் போன்றவை தடுக்கப்படும். வர்த்தக வலயத்தில் வீடு கட்டுவதற்கு பொதுவாகத் தடை இருக்காது, ஆனால் அங்கே பக்கத்தில் மூன்று மாடிக் கடை எழும்பினால் முறையிட இடம் குறைவு.

பெரிய வேலைக்கும் சந்தேகமான காணிக்கும் முன்கூட்டியே ஓர் ஆரம்பத் திட்டமிடல் அனுமதி எடுக்கலாம். இந்தக் காணியில் இன்ன பாவனைக்கு இவ்வளவு கட்டலாம் என்று கொள்கையளவில் சபை சொல்வது அது. அதை வைத்துக்கொண்டு அத்திவாரம் வெட்ட முடியாது. ஆனால் காணி வாங்குவதற்கு முன் எடுத்தால், வாங்கின பிறகு தலையில் கை வைக்க வேண்டி வராது.

பெர்மிட்காணி: வன்னியின் தனிச் சிக்கல்

கொழும்பில் கட்டட அனுமதிப் பிரச்சினை என்றால் பெரும்பாலும் இடநெருக்கடி. ஆறு பேர்ச்சில் மூன்று மாடி எப்படி ஏற்றுவது என்பதுதான் அங்கே தலையிடி. வன்னியில் அரை ஏக்கர் வளவுக்குள் வீடு நிற்கிறது, இடத்துக்குக் குறைவில்லை. இங்கே இழுபடுவது காணியின் கடதாசி. நகர ஒழுங்குவிதிகள் முதல் வகைப் பிரச்சினையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இரண்டாவது வகைக்கு அவற்றில் பதிலே இல்லை. சபை அலுவலர்களில் பாதிப்பேர் சலிப்பதும், விண்ணப்பதாரர் முழுப்பேரும் சலிப்பதும் இந்த இடத்தில்தான்.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. கிளிநொச்சிக் குடியேற்றம் 1936இல் தொடங்கியது. அதற்கு முந்திய வருடம் வந்த 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் பெரும்பாலான காணிகள் கொடுக்கப்பட்டன. அந்தச் சட்டத்தில் காணியின் உரிமை அரசிடமே இருக்கும். குடும்பத்துக்குக் கிடைப்பது அனுமதிப்பத்திரம், அதாவது பெர்மிட். நிபந்தனைகளை நிறைவேற்றினால் அது அளிப்புப் பத்திரமாக உயரலாம். அளிப்பு கிடைத்த பின்னும் உறுதிக்காணி போல நினைத்தபடி விற்க முடியாது. இந்தக் கட்டுப்பாடில்லாத முழு உரிமையாக மாற்றித் தரும் 'உறுமய' திட்டம் 2024இல் தொடங்கப்பட்டது. ஆனால் உங்கள் கையில் இருக்கும் பத்திரம் எதுவோ அதன்படிதான் இன்றைய விண்ணப்பம் பார்க்கப்படும்.

வீடு கட்டுகிறவருக்கு இதனால் வரும் சிக்கல்கள் இவை:

1. பெர்மிட்காரர் காலமாகிவிட்டார். பெர்மிட் தகப்பன் பெயரில், வீடு கட்டுவது மகள். பின்னுரிமையாளர் என்று யாரையாவது தகப்பன் பதிந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பெயர் மாற்றம் ஓரளவு நேராக நடக்கும். பதியாவிட்டால் சட்டத்தின் அட்டவணைப்படி வாரிசு தீர்மானிக்கப்படும். பழைய அட்டவணை ஆண்பிள்ளையை முன்னே வைத்தது. 2022 திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. சகோதரர்களுக்குள் மனத்தாங்கல் இருந்தால் இந்தப் படியிலேயே வருடங்கள் போகும். அதுவரை மகளின் பெயரில் பிளான் நகராது.

2. வெள்ளைக் கடதாசியில் வாங்கிய காணி. பெர்மிட்காணியை விற்க முடியாது என்று தெரிந்தே, சத்தியக்கடதாசி ஒன்றில் கையெழுத்து வாங்கிக் காசு கொடுத்தவர்கள் வன்னி முழுக்க இருக்கிறார்கள். நொத்தாரிசின் முத்திரை விழுந்தாலும் அந்தக் கடதாசி உரிமையை மாற்றாது. சபைக்கு வரும்போது விண்ணப்பதாரரின் பெயருக்கும் பெர்மிட்டின் பெயருக்கும் தொடர்பே இருக்காது. சபை இதைத் தீர்க்காது. தீர்க்கும் அதிகாரமும் அதற்கில்லை.

3. ஒரே பெர்மிட்டில் இரண்டாவது வீடு. பிள்ளை கல்யாணம் முடித்ததும் வளவின் ஒரு மூலையில் தனி வீடு. வன்னியில் இதைவிட இயல்பான காரியம் இல்லை. ஆனால் பெர்மிட்காணியைப் பத்திரத்தில் சொல்லப்பட்ட குறைந்த அளவுக்குக் கீழே துண்டாக்க முடியாது. பிரிக்காமல் இரண்டாவது வீடு கட்டினால், கட்டடத்துக்கு அனுமதி பெற வாய்ப்பு இருக்கிறது, ஆனால் அந்த வீட்டைப் பிள்ளையின் தனிச் சொத்தாக வங்கி பார்க்காது. கட்டும் முன் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் இதைப் பேசித் தீர்க்காமல், வீடு முடிந்தபின் கடனுக்குப் போனால்தான் தெரியவருகிறது.

4. மேட்டுக்காணியும் வயற்காணியும். குடியேற்றத் திட்டங்களில் குடியிருக்க மேட்டுக்காணியும் விதைக்க வயலும் தனித்தனியாகக் கொடுத்தார்கள். வீட்டுக்கான உரிமை மேட்டுக்காணியில்தான். வீதியோரம் என்பதற்காக வயலில் கிரவல் கொட்டி வீடு எழுப்பினால் பெர்மிட் நிபந்தனை மீறப்படுகிறது. அதோடு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் மீறப்படுகிறது. கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வயலை நிரப்புவதோ அதில் கட்டுவதோ குற்றம். காணி உங்கள் சொந்த உறுதிக்காணியாக இருந்தாலும் இதே விதிதான்.

5. பத்திரமே தொலைந்துவிட்டது. 2008, 2009 இடப்பெயர்வில் பெர்மிட்டும் உறுதியும் தொலைந்த குடும்பங்கள் ஏராளம். போருக்குப் பின்னான காணிப் பிரச்சினைகளுக்காகக் காணி ஆணையாளர் நாயகம் 2013இல் வெளியிட்ட 2013/01 சுற்றறிக்கை வடக்கு கிழக்கு அரச காணிகளைப் பற்றியதுதான். பிரதேச செயலகத்தின் காணிப் பதிவேட்டில் பெயர் இருந்தால் உறுதிப்படுத்தும் கடிதம் பெறலாம். உறுதிக்காணி என்றால் காணிப் பதிவகத்தில் தோம்பு, அதாவது அந்தக் காணியின் பதிவுப் பிரதி, எடுத்துப் பார்க்க வேண்டும்.

உறுதிக்காணிக்காரருக்கு இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி இல்லை. அவர்களுக்குப் பிரச்சினை பிரிக்கப்படாத பங்கு. நான்கு சகோதரருக்குப் பொதுவான உறுதியில் ஒருவர் மட்டும் பிளான் கொடுத்தால் மற்றவர்களின் சம்மதம் கேட்பார்கள்.

கோடுகளும் அளவுகளும்

காணிக் கேள்வி தீர்ந்தபின் வருவது பிளான். சொற்களைப் புரிந்துகொண்டால் படங்கீறுபவர் சொல்வது விளங்கும்.

*வீதிக்கோடு* என்பது வீதி எதிர்காலத்தில் எதுவரை அகலிக்கப்படலாம் என்று குறிக்கும் எல்லை. *கட்டடக் கோடு* அதற்கும் உள்ளே, கட்டடம் தாண்டக்கூடாத எல்லை. இரண்டையும் வீதியின் மையத்திலிருந்து அளப்பார்கள், உங்கள் வேலியிலிருந்து அல்ல. பிரதேச சபை வீதியானால் சபை சொல்லும். ஏ-9, வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை போகும் ஏ-29, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ-34, பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாகப் போகும் ஏ-35 போன்றவற்றின் ஓரத்தில் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கோடு செல்லும். ஏ-9 ஓரம் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு என்று கட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். மதில் கட்டவும் அனுமதி வேண்டும். கோட்டுக்கு வெளியே மதிலை விடுவதானால், வீதி அகலித்தால் இழப்பீடு கேட்கமாட்டேன் என்று எழுதித் தரச் சொல்வது வழக்கம்.

யூ.டீ.ஏ. எல்லைக்குள் அடிக்கடி வரும் சில அளவுகள்:

1. வீட்டுக் காணித்துண்டின் குறைந்த பரப்பு 150 சதுர மீற்றர், கிட்டத்தட்ட 6 பேர்ச். நகரத் திட்டம் சில வலயங்களுக்கு இதைக் கூட்டிச் சொல்லலாம். வவுனியா நகரில் இடம்பெயர்ந்து வந்து தங்கிவிட்ட குடும்பங்களிடையே துண்டுகள் சிறுத்துக்கொண்டே போகின்றன. ஆறு பேர்ச் விதி வன்னியில் உண்மையாகக் கடிக்கும் இடம் அதுதான்.

2. காணியைத் துண்டாக்கினால் ஒழுங்கையின் அகலம் துண்டுகளின் எண்ணிக்கையோடு கூடும். நான்கு துண்டுவரை 3 மீற்றர், எட்டுவரை 4.5 மீற்றர், இருபதுவரை 6 மீற்றர், அதற்கு மேல் 9 மீற்றர் என்பது நெடுநாள் கணக்கு. ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியென்றால் பத்திலொரு பங்கைப் பொதுத் தேவைக்கு விட வேண்டும். "பத்து பேர்ச் துண்டுகள் விற்பனைக்கு" என்ற பலகையைக் கண்டால், விலையைக் கேட்க முன், துண்டாக்கலுக்குச் சபை அங்கீகரித்த படம் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தப் படம் இல்லாத துண்டுக்குப் பிறகு கட்டட அனுமதி எடுப்பது படாத பாடு.

3. மாடியில்லாத சிறு வீட்டுக்குப் பின்புறம் விட வேண்டிய வெளி 2.3 மீற்றர். எல்லையோடு ஒட்டிக் கட்டும் சுவரில் யன்னல் வைக்க முடியாது. தாழ்வாரத் தண்ணீர் பக்கத்து வளவுக்குள் விழவும் கூடாது.

4. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடைத்தூரம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நாம் சொல்லும் பீ.எச்.ஐ., முதலில் பார்ப்பது இதைத்தான். குறைந்தது 50 அடி என்று மனதில் வைத்துக்கொண்டு, கூடுதலாக எவ்வளவு விட முடியுமோ அவ்வளவு விடுவது நல்லது. உங்கள் கிணறு மட்டுமல்ல, வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கும் கிணறும் கணக்கில் வரும். குழாய்த் தண்ணீர் எட்டாத பகுதிகளில் எல்லாரும் குடிப்பது கிணற்றுத் தண்ணீர். இந்த விதியை மட்டும் யாரும் பேரம் பேசக் கூடாது.

வீட்டுத்திட்ட வீடுகளைப் பற்றி ஒரு சொல். இந்திய வீட்டுத்திட்டத்தில் குடும்பத்துக்கு 550,000 ரூபாய் வழங்கி, ஏறத்தாழ 550 சதுர அடியில், மாதிரிப் பிளான்படி வீடுகள் கட்டப்பட்டன. திட்டத்துக்குள் கட்டியபோது அனுமதி வேலையை யாரோ பார்த்துக்கொண்டார்கள். இப்போது பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்ப, முன்னால் போர்ட்டிக்கோ, பக்கத்தில் அறை, மேலே மாடி என்று சேர்க்கும்போது அது புதிய விண்ணப்பம். மாடி விடயத்தில் சபைக்குப் பயப்படுவதற்கு முன் அத்திவாரத்துக்குப் பயப்பட வேண்டும். ஒரு தட்டு வீட்டுக்காக வெட்டிய அத்திவாரம் அது.

விண்ணப்பம் எப்படி நகர்கிறது?

1. சபையின் முன்னலுவலகத்தில் விண்ணப்பப் படிவம் வாங்குவது. கட்டணம் கட்டடத்தின் பரப்பையும் பாவனையையும் பொறுத்தது.

2. இணைக்க வேண்டியவை: உறுதி அல்லது பெர்மிட் அல்லது அளிப்பின் பிரதி, நில அளவைப் படம், தோம்பு, வீட்டின் வரைபடப் பிரதிகள், சோலைவரி கட்டிய சீட்டு. அரச காணியென்றால் பிரதேச செயலகக் கடிதம். வரைபடத்தில் தகுதியுள்ளவர் கையெழுத்திட வேண்டும். கட்டடம் பெரிதாகப் பெரிதாகப் பட்டயக் கட்டடக் கலைஞர், பொறியியலாளர் வரை தேவைப்படும்.

3. தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பீ.எச்.ஐ.யும் காணியைப் பார்ப்பார்கள். அந்த நாளில் எல்லைக் கல் தெரியும்படி பற்றையை வெட்டி வைத்தால் இரண்டாம் முறை வரத் தேவை இராது.

4. திட்டமிடல் குழு கூடிப் பார்க்கும். குழு மாதத்தில் எப்போது கூடுகிறது என்று கேட்டு, அதற்கு முந்திய வாரமே கடதாசிகளை முழுமைப்படுத்துவது கெட்டித்தனம். ஒரு கடதாசி குறைந்தால் அடுத்த கூட்டம்வரை கிடக்கும்.

5. அனுமதிப்பத்திரம் வழமையாக ஒரு வருடத்துக்குச் செல்லும். வருடம் முடியுமுன் நீட்டிக்கக் கேட்க வேண்டும். காசு வர வரக் கட்டும் வன்னி வழக்கத்துக்கு ஒரு வருடம் போதாது என்பது அனைவருக்கும் தெரியும், ஆனால் நீட்டிப்புக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

6. கட்டி முடித்ததும் ஒத்திசைவுச் சான்றிதழ். சீ.ஓ.சி. என்றால் வங்கிக்காரருக்கு உடனே விளங்கும். அங்கீகரித்த பிளானும் நிற்கும் வீடும் ஒன்றா என்று பார்த்துக் கொடுப்பது இது. இடையில் மேசன் சொன்னாரென்று குசினியை மூன்றடி தள்ளியிருந்தால் இங்கேதான் பிடிபடும். மாற்றம் வேண்டுமென்றால் வேலைக்கு நடுவே திருத்திய பிளான் கொடுத்துவிட வேண்டும்.

பிளான் பாஸ் ஆனதும் பலருக்கு ஆர்வம் முடிந்துவிடுகிறது, ஆறாவது படியை விட்டுவிடுகிறார்கள். வீட்டுக் கடன், விற்பனை, பெறுமதி மதிப்பீடு என்று வரும்போது வங்கி கேட்கும் கடதாசிகளில் வீதிக்கோட்டுச் சான்றிதழோடு சேர்ந்து சீ.ஓ.சி.யும் இருக்கும். பத்து வருடம் கழித்து எடுக்கப்போனால், அந்தப் பத்து வருடத்தில் இறக்கின தகரக் கொட்டிலெல்லாம் கணக்குக்கு வரும்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், தமிழிலேயே கேளுங்கள். வடக்கில் நிர்வாக மொழி தமிழ். பதிலே இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்று அறிய இதைவிட மரியாதையான வழி இல்லை.

சபைக்கு மேலே நிற்கும் கோடுகள்

குளங்களை வைத்து உருவான நாடு வன்னி. அதனால் நிலத்தின் மேல் நகரத் திட்டத்துக்கு முன்பே பல கோடுகள் விழுந்திருக்கின்றன. குளத்தின் அலைகரை (குளம் நிறையும்போது தண்ணீர் ஏறும் ஓரம்), கட்டு, வாய்க்கால் ஒதுக்கீடு ஆகியவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அல்லது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. நான்கு வருடம் மழை குறைந்தால் அலைகரை நல்ல மேட்டுக்காணி போலத் தெரியும். வேலி போடுவார்கள், பிறகு கொட்டில், பிறகு கல்வீடு. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெள்ளம் எங்கெல்லாம் போனது என்று பார்த்தவர்களுக்கு ஒதுக்கீடு எதற்கென்று விளக்கத் தேவையில்லை.

கரையோரத்தில், முல்லைத்தீவிலும் மன்னாரிலும், 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்ட அத்திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

வனவளத் திணைக்களம், வனசீவராசிகள் திணைக்களம், தொல்லியல் திணைக்களம் ஆகிய மூன்றின் எல்லைக் கற்கள்தான் வன்னியில் மிகக் கசப்பானவை. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் காடு மூடிய ஊர்களில், திரும்பி வந்தவரின் பெர்மிட் ஒன்றைச் சொல்லும், வனவளத் திணைக்களத்தின் வரைபடம் வேறொன்றைச் சொல்லும். நியாயம் யார் பக்கம் என்பது ஊருக்கு ஊர் மாறும், ஆனால் அந்தத் தகராறு நிற்கும்வரை சபை பிளானை அங்கீகரிக்காது. ரெயில் பாதையோர ஒதுக்கீட்டிலும் இதே நிலைதான்.

கட்டுமானப் பொருளுக்கும் தனி அனுமதி இருக்கிறது. ஆறு பக்கத்தில் ஓடினாலும் மணல் அள்ள, ஏற்ற புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். கதவு நிலைக்குப் பாலையோ முதிரையோ கொண்டுவர மரம் ஏற்றும் பெர்மிட் வேண்டும். லொறிக்காரர் "எல்லாம் இருக்கு" என்று சொன்னால் வாங்கிப் பாருங்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டோம், இனி?

நகர அபிவிருத்திப் பகுதியில் அனுமதியில்லாமல் கட்டினால், வேலையை நிறுத்தும்படியோ கட்டியதை அகற்றும்படியோ அறிவித்தல் தரலாம். கேட்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் இடிப்பதற்கான கட்டளை பெறலாம். 28அ பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. அறிவித்தல் வந்ததும் அலமாரியில் வைத்துவிட்டுக் கூரை போட்டு முடிப்பதுதான் இதில் மிகமோசமான தெரிவு. நீதிமன்றத்தில் அது பிடிவாதமாகவே தெரியும்.

விதிகளுக்குப் பொருந்தும் வீடென்றால் வழி இருக்கிறது. கட்டியபடி அளந்து கீறிய படத்தைக் கொடுத்து, மேலதிகக் கட்டணம் செலுத்தி, பின்னேற்பு அனுமதி கேட்கலாம். பின்புற வெளியில் அரை மீற்றர் குறைவு, யன்னல் இடம் மாறியது போன்றவை ஒரு தாழ்வாரத்தை வெட்டியோ யன்னலை அடைத்தோ சரிசெய்யக் கூடியவை. தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் எதைத் திருத்தினால் ஏற்பீர்கள் என்று நேரே கேட்டுவிடலாம்.

பொருந்தாத வீடுகள் இரண்டு வகை. கட்டடக் கோட்டைத் தாண்டியவை முதல் வகை, அவற்றின் தாண்டிய பகுதிக்குக் கட்டணம் கட்டியும் அனுமதி எடுக்க முடியாது. குள ஒதுக்கீடு, வயல், காட்டு எல்லை, பெயர் மாறாத பெர்மிட் ஆகியவற்றில் நிற்பவை இரண்டாம் வகை. இவற்றில் சபை விரும்பினாலும் கையெழுத்து வைக்க முடியாது, ஏனென்றால் கேள்வி கட்டடத்தைப் பற்றியதல்ல, காணியைப் பற்றியது. பெர்மிட் பெயர் மாற்றத்துக்கும் தொலைந்த பத்திரத்துக்கும் பிரதேச செயலகக் காணிப் பகுதியும் அது நடத்தும் நடமாடும் சேவையும், வயலுக்குக் கமநல சேவை நிலையமும், எல்லைக்கல் தகராறுக்கு பிரதேச செயலாளர் ஊடாக உரிய திணைக்களமும்தான் முதற் படி. அங்கே கிடைக்கும் கடிதத்தோடுதான் சபைக்குத் திரும்ப வேண்டும். அந்தக் கடிதம் வரும்வரை புதிதாக ஒரு அறையும் சேர்க்காமல் இருப்பது நல்லது. சேர்த்தால் பின்னேற்புக் கட்டணம் அந்த அறைக்கும் சேர்த்துத்தான் வரும்.